கோர்வையின் உறுதி: சதீஷ் தவான்

நுழையும்முன்

நிலத்தில் ஓடும் ஊர்தி பழுதானால் வழியில் நிறுத்திச் சரிசெய்யலாம். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை. ஏவிய நொடிமுதல் அதன் ஆயிரக்கணக்கான உறுப்புகளும் ஒத்திசைந்து இயங்கியாக வேண்டும். அத்தகைய நம்பகமான விண்கலங்களை உருவாக்கும் முறைமையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் சதீஷ் தவான். தோல்விகளைப் பாடமாக மாற்றிய அப்பெருமகனின் வாழ்வை அறிவோம்.

தறி கற்பிக்கும் பாடம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், பரந்த ஏரியைக் கொண்ட ஊர் தாமல். தாமலும் அதனை அடுத்த ஊர்களும் அமைந்துள்ள காஞ்சி வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. காஞ்சிப் பட்டின் சிறப்பு அதன் நிறத்திலும் சரிகையிலும் மட்டும் அடங்குவதன்று. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில் அமையும்போது, அவற்றைத் தனித்தனி நாடாக்கள் கொண்டு நெய்கிறார்கள். உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக் கோக்கப்படுகின்றன. இதற்குக் கோர்வை என்று பெயர். நெசவாளரும் அவருக்குத் துணைநிற்பவரும் ஒரே சீரில் கை இயக்கினால்தான் கோர்வை பிசகாது அமையும். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்பது காஞ்சி நெசவாளரின் பெருமிதம்.

உடலுக்குரிய பட்டு உயர்ந்ததாக இருக்கலாம். கரைக்குரிய சரிகையும் உயர்ந்ததாக இருக்கலாம். இரண்டும் சேருமிடம் வலுவிழந்திருந்தால் சேலை நிலைக்காது. விண்கலத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். மின்கலம், கணினி, உணரி, வானொலிக் கருவி, எரிபொருள் குழாய் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே குறையின்றி இருக்கலாம். அவை ஒன்றோடொன்று இணையும் இடங்களிலேயே பெரும்பாலான இடர்கள் ஒளிந்திருக்கின்றன. எனவே, உறுப்புகளைத் தனித்து நோக்காமல், முழு அமைப்பையும் ஒன்றாகக் கருதி வடிவமைத்து, இணைத்து, சோதித்து, இயக்கும் துறை வளர்ந்தது. அதனை அமைப்புப் பொறியியல் என்பர். சதீஷ் தவானின் வாழ்க்கை அத்துறையின் இந்திய வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

பல்துறைக் கல்வி

சதீஷ் தவான் 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் சீநகரில் பிறந்தார். லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். அதன்பின் அவர் தேர்ந்தெடுத்தது ஆங்கில இலக்கியம். அதில் முதுகலைப் பட்டம் பெற்றபின், இயந்திரப் பொறியியலிலும் பட்டம் பெற்றார். கணிதத்தின் துல்லியமும் இலக்கியத்தின் மனிதப் பார்வையும் பொறியியலின் செயல்திறனும் ஒருவரிடத்தில் கூடின. பிற்காலத்தில் பலவகைத் துறையினரை ஓரணியில் சேர்க்க இக்கல்வி அவருக்குத் துணைநின்றது.

பெங்களூரிலிருந்த இந்துஸ்தான் வானூர்தி நிறுவனத்தில் சிறிது காலம் பணியாற்றியபின் அமெரிக்கா சென்றார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மன் என்னும் அறிஞரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1951இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஓடும் காற்று ஒரு பரப்பின்மீது உரசும்போது உண்டாகும் விசை மிகச் சிறியது. பிற அளவீடுகளைக் கொண்டு அதனைக் கணித்து அறிவதே அக்காலத்தில் பெரிதும் வழக்கமாக இருந்தது. தவான் நுண்ணிய கருவியொன்றை அமைத்து அவ்விசையை நேரடியாகவே அளந்தார். அளக்கக்கூடியதை ஊகிக்காமல் அளந்தே அறியவேண்டும் என்னும் ஒழுங்கு அவரிடம் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருந்தது.

பேராசிரியரும் இயக்குநரும்

1951இல் தாயகம் திரும்பிய தவான், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பணியில் சேர்ந்தார். 1955இல் வானூர்திப் பொறியியல் துறையின் தலைவரானார். ஒலியின் வேகத்தை மிஞ்சிய காற்றோட்டத்தை ஆராய்வதற்கான காற்றுச் சுரங்கங்களைத் தம் மாணவர்களுடன் சேர்ந்து அங்கு அமைத்தார். வெளிநாட்டுக் கருவிகளை விலைகொடுத்து வாங்குவதற்கு நாட்டில் அந்நியச் செலாவணி போதாத காலம் அது. கிடைத்த பொருள்களைக் கொண்டு தாமே கருவி செய்யும் பழக்கத்தை மாணவர்களுக்கு ஊட்டினார். 1962இல், தம் நாற்பத்திரண்டாம் வயதில் கழகத்தின் இயக்குநரானார். 1981வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார்.

எதிர்பாராத அழைப்பு

இந்திய விண்வெளித் திட்டத்துக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய், 1971ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் திடீரென மறைந்தார். அப்போது தவான் கலிபோர்னியாவில் ஆய்வு விடுப்பில் இருந்தார். விண்வெளித் திட்டத்தின் தலைமையை ஏற்குமாறு பிரதமர் இந்திரா காந்தி அவரை அழைத்தார். தவான் உடனே இசையவில்லை. இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் தாம் நீடிக்க வேண்டும். விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூரில் அமைய வேண்டும் என இரு வேண்டுகோள்களை முன்வைத்தார். இரண்டும் ஏற்கப்பட்டன. 1972இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற அவர், 1984வரை அதில் தொடர்ந்தார்.

சாராபாய் விட்டுச்சென்றது பெருங்கனவு. அக்கனவைச் சுமக்கத் தும்பா, அகமதாபாத், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா எனப் பல இடங்களில் ஆர்வமிக்க இளைஞர் குழுக்கள் இருந்தன. ஒரு குழு ஏவூர்தி செய்தது. மற்றொன்று செயற்கைக்கோள் செய்தது. இன்னொன்று தரைநிலையம் அமைத்தது. இவர்களுக்கிடையே கோர்வை அமைப்பதே தவான் முன்னிருந்த பணி. ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறுப்பான ஓர் இயக்குநர், அவருக்குத் தேவையான அதிகாரம், திட்டத்தைக் கண்காணிக்கும் குழு, ஒவ்வொரு கட்டத்திலும் வடிவமைப்பை மீளாய்வு செய்யும் வல்லுநர் கூட்டம் ஆகியவற்றை முறைப்படுத்தினார். பல்கலைக்கழகங்கள், பிற ஆய்வகங்கள் ஆகியவற்றின் அறிஞர்களும் மீளாய்வில் பங்கேற்றனர். செய்தவரின் கண்ணுக்குத் தப்பிய குறை, செய்யாதவரின் கண்ணுக்குப் புலப்படக்கூடும் என்பதே அதன் அடிப்படை.

நம்பகத்தன்மையின் கணக்கு

இத்தனை மீளாய்வுகள் ஏன் வேண்டும் என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒரு கருவியில் 1000 உறுப்புகள் இருப்பதாகவும், அவற்றுள் ஒன்று பழுதானாலும் கருவி நின்றுவிடும் எனவும் கொள்வோம். ஒவ்வோர் உறுப்பும் பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான் என்றால் அது உயர்ந்த தரமாகவே தோன்றும். ஆனால், ஆயிரம் உறுப்புகளும் பழுதின்றி இயங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு மட்டுமே. உறுப்பின் தரத்தைப் பத்து மடங்கு உயர்த்தி, பழுதாகும் வாய்ப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால், முழுக் கருவியின் நம்பகத்தன்மை ஏறத்தாழ 90 விழுக்காடாகிறது.

இன்னொரு வழியும் உண்டு. 90 விழுக்காடு நம்பகமான ஒரு கருவிக்கு இணையாக அதே தரமுள்ள மாற்றுக் கருவியொன்றையும் வைத்தால், இரண்டில் ஒன்றேனும் இயங்கும் வாய்ப்பு 99 விழுக்காடாக உயர்கிறது. எனினும், அவ்விரு கருவிகளும் ஒரே மின்கம்பியிலிருந்து ஆற்றல் பெற்றால், அக்கம்பி அறும்போது இரண்டும் ஒருங்கே நின்றுவிடும். எங்கே ஒரு பழுது முழு அமைப்பையும் வீழ்த்தும் என்று தேடிக் கண்டறிவது அமைப்புப் பொறியாளரின் தலையாய கடமை.

செயற்கைக்கோள் எதிர்கொள்ளும் சூழலும் கடுமையானது. ஏவும்போது அது கடுமையாக அதிர்கிறது. விண்ணை அடைந்தபின் வெற்றிடம் சூழ்கிறது. கதிரவன் படும் பக்கம் சுடுகிறது. நிழல் படும் பக்கம் உறைகிறது. இவற்றைத் தரையிலேயே உருவாக்கி, அதிர்வு மேடையிலும் வெப்ப வெற்றிட அறையிலும் கலத்தை வருத்திப் பார்க்கிறார்கள். விண்ணில் வரக்கூடிய பழுது மண்ணிலேயே வெளிப்படுவது நன்மை என்பதால், இச்சோதனைகளில் தோன்றும் குறைகளைப் பொறியாளர்கள் வரவேற்கிறார்கள்.

ஆரியபட்டா முதல் பாஸ்கரா வரை

இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா, யூ. ஆர். ராவ் தலைமையில் பெங்களூரை அடுத்த பீனியாவின் தொழிற்கூடக் கொட்டகைகளில் உருவானது. 26 முகங்களைக் கொண்ட, 360 கிலோகிராம் எடையுள்ள அக்கலம், 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் ஏவூர்தியால் விண்ணில் செலுத்தப்பட்டது. அதனைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் அதற்குமுன் செயற்கைக்கோள் எதையும் செய்தறியாத இளைஞர்கள்.

நான்கு நாள்களுக்குப்பின் மின்வழங்கலில் ஏற்பட்ட பழுதால் ஆரியபட்டாவின் அறிவியல் ஆய்வுகள் நின்றுபோயின. அதனால் அம்முயற்சி வீணாகவில்லை. கலத்தை வடிவமைத்தல், உறுப்புகளை ஒருங்கிணைத்தல், சோதித்தல், தரையிலிருந்து பின்தொடர்தல் ஆகியவற்றை நாடு கற்றுக்கொண்டது.

அடுத்து வந்த பாஸ்கரா 1979ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஏவப்பட்டது. அதன் தொலைக்காட்சிப் படக்கருவிகள் தொடக்கத்தில் இயங்கவில்லை. கருவிக்குள் தங்கியிருந்த மெலிந்த காற்றினூடே உயர் மின்னழுத்தம் பாய்ந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின், 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு படக்கருவி உயிர்பெற்றுப் படங்களை அனுப்பியது. பழுதின் காரணத்தை அறிந்து பொறுமையுடன் காத்திருப்பதும் பொறியியலின் ஒரு பகுதி என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

வங்கக்கடலில் விழுந்த ஏவூர்தி

செயற்கைக்கோளைத் தன் மண்ணிலிருந்து தானே ஏவ வேண்டும் என்பது நாட்டின் அடுத்த இலக்கு. அதற்கான எஸ்.எல்.வி-3 ஏவூர்தித் திட்டத்துக்கு இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இயக்குநராக இருந்தார். 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் அதன் முதல் பயணத்துக்கான நேரம் குறிக்கப்பட்டது. ஏவுதலுக்குச் சில நிமிடங்களே இருந்தபோது, கட்டுப்பாட்டு அமைப்பில் குறை இருப்பதாகக் கணினி எச்சரித்து நின்றது. கசிவு இருந்தாலும் போதிய இருப்பு உள்ளது என வல்லுநர்கள் கணித்தனர். கலாம் ஏவுதலைத் தொடர முடிவு செய்தார்.

முதல் கட்டம் நன்றாகவே இயங்கியது. இரண்டாம் கட்டத்தில் ஏவூர்தி தன் கட்டுப்பாட்டை இழந்தது. புறப்பட்ட 317 நொடிகளில் அது வங்கக்கடலில் வீழ்ந்தது. பின்னர் நிகழ்ந்த ஆய்வு காரணத்தைக் கண்டறிந்தது. ஒரு வால்வில் மாசு சிக்கியதால் அது முழுமையாக மூடவில்லை. அதன்வழியே அமிலம் கசிந்து வெளியேறியதால் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்தது. பல ஆண்டு உழைப்பைக் கடலில் சேர்த்தது கண்ணுக்கெட்டாத சிறு மாசு. வால்வும் எச்சரிக்கையும் மனிதரின் முடிவும் சந்திக்கும் கோர்வையில் இழை நழுவியிருந்தது.

அன்று செய்தியாளர்கள் கூடியிருந்தனர். பொதுமக்களின் பணம் கடலில் கரைந்ததாகக் கடுமையான கேள்விகள் எழும் என்பது யாவரும் அறிந்ததே. களைத்துப் போயிருந்த கலாமை அழைத்துக்கொண்டு தவான் அவர்கள்முன் சென்றார். தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றார். தம் குழுவின்மீது தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்றும், அடுத்த ஆண்டில் வெற்றி கிட்டும் என்றும் அறிவித்தார். இளைஞர் எவர்மீதும் பழி சுமத்தவில்லை.

1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி-3 மீண்டும் புறப்பட்டு, 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்கும் பொறுப்பைத் தவான் கலாமிடம் ஒப்படைத்தார். தோல்வியின்போது முன்னே நின்றவர், வெற்றியின்போது பின்னே நின்றார். இந்நிகழ்வைக் கலாம் தம் வாழ்நாள் முழுவதும் மேடைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கருதுவது முழுமையாகாது. பழிக்கு அஞ்சும் இடத்தில் குறைகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட குறை விண்ணில் வெளிப்படும். தம் தவற்றைத் தாமே எழுந்து சொல்லும் துணிவு ஒவ்வொரு பொறியாளருக்கும் இருந்தால்தான் தோல்விப் பகுப்பாய்வு உண்மையைக் காட்டும். தவான் காத்த அந்த நம்பிக்கை, விண்கலத்தின் உறுப்புகளுள் ஒன்றாகவே எண்ணத்தக்கது.

மாட்டுவண்டியில் சென்ற செயற்கைக்கோள்

1981ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், ஆப்பிள் என்னும் இந்தியத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள், ஐரோப்பாவின் ஏரியான் ஏவூர்தியில் பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் தமிழரான இரா. மா. வாசகம். வானொலி அலைகளை அனுப்பியும் பெற்றும் கலத்தைச் சோதிக்கும்போது, அதனைத் தாங்கும் ஊர்தியின் உலோகம் அளவீட்டைக் குலைக்கக்கூடும். எனவே, மரத்தாலான மாட்டுவண்டியில் கலத்தை ஏற்றிச் சோதித்தனர். அந்தப் படத்தைக் கண்டு வறுமையின் அடையாளம் என்று எண்ணியவர் உண்டு. தேவையை உணர்ந்து கையிலிருந்த பொருளால் விடைகண்ட பொறியியலின் அடையாளம் அது.

விண்ணை அடைந்தபின் ஆப்பிளின் இரு சூரியத் தகடுகளுள் ஒன்று விரியவில்லை. மின்னாற்றல் குறைந்தது, கலத்தின் வெப்பநிலையும் சீர்குலையும் நிலை உருவானது. தரையிலிருந்த பொறியாளர்கள் இருக்கும் ஆற்றலைப் பங்கிட்டு, கலத்தைக் கவனமாகக் கையாண்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆப்பிள் பணியாற்றியது. ஓர் உறுப்பு வீழ்ந்தாலும் முழுக் கலமும் வீழாதபடி காப்பது நம்பகத்தன்மையின் மற்றொரு முகம்.

இன்சாட் தந்த படிப்பினை

தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை ஆகிய மூன்று பணிகளையும் ஒரே செயற்கைக்கோள்வழி நிறைவேற்றத் திட்டமிடப்பட்டதே இன்சாட். அதன் முதல் கலமான இன்சாட்-1ஏ வெளிநாட்டில் செய்யப்பட்டு, 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் ஏவப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அதற்கு இடர்கள் நேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் திசைக் கட்டுப்பாட்டை இழந்து, எரிபொருளும் தீர்ந்து, கலம் கைவிடப்பட்டது. நாடெங்கும் அமைக்கப்பட்ட தரைநிலையங்கள் நோக்கியிருந்த செயற்கைக்கோள் ஐந்தே மாதங்களில் இல்லாமற்போனது.

ஒற்றைக் கலத்தை நம்பிய அமைப்பின் இடர் அப்போது தெளிவாயிற்று. 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் சேலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற இன்சாட்-1பி வெற்றியுடன் பணியைத் தொடங்கியது. சிற்றூர்களுக்கும் தொலைக்காட்சி சென்றது. வங்கக்கடலில் உருவாகும் புயலை விண்ணிலிருந்து தொடர்ந்து நோக்க முடிந்தது. செயற்கைக்கோள் பழுதானால் இழப்பு ஓர் ஆய்வகத்துக்கு மட்டும் உரியதாக இனி இராது. கரையில் படகை இழுத்துக் கட்டக் காத்திருக்கும் மீனவர்வரை அது சென்று சேரும். இப்பொறுப்பை உணர்ந்தே தவான் நம்பகத்தன்மையைத் தொழில்நுட்பக் கணக்காக மட்டுமின்றி மக்களுக்குரிய கடனாகவும் கருதினார்.

பழவேற்காட்டுப் பறவைகள்

1984இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய தவான், ஓய்வை ஆய்வுக்கு அளித்தார். ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் ஒருபுறம் வங்கக்கடல். மறுபுறம் தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் தொட்டு விரியும் பழவேற்காடு ஏரி. அங்கு வந்திறங்கும் பறவைகளின் பறத்தலை அவர் காற்றியக்கவியல் அறிஞரின் கண்கொண்டு நோக்கினார். அதன் பயனாகப் பறவைகளின் பறத்தல் குறித்த நூலொன்றை 1991இல் வெளியிட்டார்.

பத்ம விபூஷண் உள்ளிட்ட உயர் விருதுகள் அவரைத் தேடி வந்தன. 2002ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் பெங்களூரில் தம் 81ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இன்று அங்கிருந்து புறப்படும் ஒவ்வோர் ஏவூர்திக்கு முன்னும் மீளாய்வுக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஐயம் உடையவர் பேசுகிறார், மற்றவர் கேட்கிறார். தாமல் சாலையிலிருந்து காஞ்சிக்குத் திரும்பினால் கேட்கும் தறியோசையிலும் இதே ஒழுங்கு உண்டு. ஓரிழை நழுவினால் நெசவாளர் தறியை நிறுத்துகிறார். இழையைச் சேர்த்தபின்னரே அடுத்த ஊடையைச் செலுத்துகிறார். பிழையைக் கண்ட இடத்திலேயே நின்று திருத்துவதற்கான துணிவை ஒரு நிறுவனம் முழுவதற்கும் பழக்கியதே சதீஷ் தவான் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்.

தெரியுமா?

செயற்கைக்கோள் ஒன்றை உருவாக்கும்போது, வடிவமைப்பைச் சரிபார்க்க ஒரு மாதிரியையும், கடுஞ்சோதனைகளுக்கு உட்படுத்த மற்றொரு மாதிரியையும் செய்வது வழக்கம். இவற்றில் கற்றவற்றைக் கொண்டே விண்ணில் பறக்கும் கலம் இறுதியாக்கப்படுகிறது.

சொல்லும் பொருளும்

ஊடை – குறுக்கே செல்லும் இழை
நாடா – ஊடை இழையைச் செலுத்தும் தறிக்கருவி
கோர்வை – உடலையும் கரையையும் கோத்து நெய்யும் முறை
மீளாய்வு – மீண்டும் ஆராய்ந்து சரிபார்த்தல்

மதிப்பீடு

குறுவினா
1. அமைப்புப் பொறியியல் என்றால் என்ன?
2. ஆப்பிள் செயற்கைக்கோள் மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதிக்கப்பட்டது ஏன்?

சிறுவினா
1. மாற்றுக் கருவிகள் இருந்தும் ஓர் அமைப்பு முழுமையாகச் செயலிழக்கக்கூடும். விளக்குக.
2. எஸ்.எல்.வி-3இன் முதல் பயணம் தோல்வியுற்றதன் காரணத்தை எழுதுக.

நெடுவினா
தோல்வியின் பொறுப்பைத் தலைவர் ஏற்பதற்கும் விண்கலத்தின் நம்பகத்தன்மைக்கும் உள்ள தொடர்பைச் சதீஷ் தவானின் வாழ்க்கைவழி நிறுவுக.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரில் பலர் சேர்ந்து செய்யும் தொழில் ஒன்றை நோக்கி, அதில் பிழை நேரக்கூடிய இணைப்பிடங்களைப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.